வாஷ் பேசினுக்குத் தண்ணீர் லைன்: வீடு கட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாக வீடு கட்டுகிறவர்களும் பழைய பாத்ரூமைப் புதுப்பிக்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மொட்டை மாடி டேங்கிலிருந்து இறங்கி வரும் தண்ணீரை நம்பியிருக்கும் நம் ஊர் வீடுகளை மனதில் வைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். பேசினுக்கும் குழாய்க்கும் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள், சுவருக்குள் போகும் எல்போ (பைப்பை வளைத்துத் திருப்பும் இணைப்பு) எந்த ரகம் என்று கேட்பதே இல்லை. வெளியே தெரியும் குழாயை நாளைக்கே கழற்றி மாற்றிவிடலாம். உள்ளே போன எல்போவை மாற்ற டைல்ஸை உடைக்க வேண்டும். அதனால் இந்தப் பதில்களில் பாதிக்கு மேல் சுவருக்குள்ளே நடப்பதைப் பற்றியவை.

டேங்கிலிருந்து பேசின் வரை லைன் எப்படி வருகிறது? எந்த சைஸ் பைப் போட வேண்டும்?

டேங்கின் அடியில் இருந்து ஒன்றேகால் அல்லது ஒன்றரை இன்ச் பைப் புறப்படும். மாடியில் ஓடி, பாத்ரூமுக்கு நேராக ஒரு இன்ச்சாகக் கீழே இறங்கும். பாத்ரூமுக்குள் நுழைவது முக்கால் இன்ச். அதிலிருந்து பேசின், கிளாசெட், ஷவர் என்று ஒவ்வொன்றுக்கும் அரை இன்ச் கிளை பிரியும். பேசினுக்கு அரை இன்ச் தாராளமாகப் போதும்.

தப்பு நடப்பது வேறு இடத்தில். பாத்ரூம் முழுவதையும் அரை இன்ச்சிலேயே சுற்றிவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் யாராவது ஷவரைத் திறந்ததும் பேசின் குழாய் நூலாக இளைத்துவிடும். சுற்றி வரும் லைன் முக்கால், பாயின்ட்டுக்கு, அதாவது குழாய் மாட்டும் இடத்துக்கு, போகும் கிளை மட்டும் அரை. பைப் வாங்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். பாத்ரூமுக்குள் நுழையும் இடத்தில் ஒரு பால் வால்வும் வையுங்கள். ஒரு பாத்ரூமில் வேலை நடந்தால் வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்காது.

ஜிஐ, யுபிவிசி, சிபிவிசி: எதைப் போடுவது?

சுவருக்குள் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப்பைப் போடுங்கள். பச்சைத் தண்ணீர், சுடுதண்ணீர் இரண்டுக்கும் அதையே போடுங்கள். 93 டிகிரி வரைக்கும் தாங்கும் என்று கணக்கிட்டுச் செய்யும் பைப் அது. பைப்பின் மேல் ஐஎஸ் 15778 என்ற இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். யுபிவிசி என்ற இன்னொரு பிளாஸ்டிக் ரகம் பச்சைத் தண்ணீருக்கு நல்ல பைப்தான், ஆனால் 45 டிகிரிக்கு மேல் அதை நம்பக் கூடாது. கீசர் தண்ணீர் அதைச் சுலபமாகத் தாண்டும். இரண்டு ரகத்தையும் கலந்து போட்டால் பத்து வருடம் கழித்து எந்த லைன் எது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப், ஒரு காலத்தில் நம் வீடுகளின் முதுகெலும்பாக இருந்தது. உப்புத் தண்ணீர் ஓடும் ஊரில் அது உள்ளுக்குள் துருப்பிடித்து, அரை இன்ச் துவாரம் பென்சில் நுழையாத அளவுக்கு அடைத்துக்கொள்ளும். புது வீட்டுக்கு இனி வேண்டாம்.

மொட்டை மாடியில் வெயில் படும் இடத்தில் சிபிவிசி ஓடினால் பெயின்ட் அடித்து மூடுங்கள். தண்ணீரில் கலக்கும் பெயின்ட்டாக இருக்கட்டும். தின்னர் கலக்கும் பெயின்ட் பைப்பையே கெடுக்கும்.

ஒட்டும் வேலையில் எதைக் கவனிக்க வேண்டும்?

சிபிவிசிக்கு சிபிவிசி சொல்யூஷன் (பைப் ஒட்டும் பசை), யுபிவிசிக்கு யுபிவிசி சொல்யூஷன். ஒரே டப்பாவை வைத்து இரண்டையும் ஒட்ட விடாதீர்கள்.

பைப்பை நேராக வெட்ட வேண்டும். வெட்டிய வாயில் பிசிறு நிற்கும், அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். பைப்பின் வெளியிலும் ஃபிட்டிங்கின் உள்ளேயும் மெல்லிசாகத் தடவி, கால் திருப்பு திருப்பிச் செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் பைப் மெதுவாகப் பின்னுக்கு நழுவும். பார்த்தால் ஒட்டியது போலவே இருக்கும், பாதிதான் உள்ளே போயிருக்கும். சொல்யூஷனை அள்ளி அப்புவதும் தப்பு. மிச்சம் உள்பக்கம் வழிந்து, வளையமாகக் காய்ந்து, தண்ணீர் போகும் வழியைக் குறுக்கிவிடும்.

பேசின் பாயின்ட்டில் வரும் எல்போ பித்தளை திரெட் (முறுக்கும் புரி) வைத்ததாக இருக்க வேண்டும். முழு பிளாஸ்டிக் திரெட்டில் ஆங்கிள் காக்கை (பேசினுக்கு அடியில் தண்ணீரை மூடித் திறக்கும் சின்ன வால்வை) முறுக்கினால் அது அன்றைக்கு விரிசல் விடாது. ஆறு மாதம் கழித்து விடும்.

பாயின்ட் எந்த உயரத்தில், எவ்வளவு இடைவெளியில் வர வேண்டும்?

பேசினின் மேல் விளிம்பு, முடிந்த தரையிலிருந்து 32 முதல் 34 இன்ச். தண்ணீர் பாயின்ட் 20 முதல் 22 இன்ச். நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கம் 4 இன்ச், வலப்பக்கம் 4 இன்ச் விட்டால், நடுவில் கழிவுத் தண்ணீர் இறங்கும் பாட்டில் டிராப்புக்கு இடம் கிடைக்கும். பேசினைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் சுடுதண்ணீர், வலப்பக்கம் பச்சைத் தண்ணீர். இரண்டு தண்ணீரையும் கலந்து தரும் மிக்சர் குழாய்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகின்றன.

"முடிந்த தரை" என்பதை அழுத்திச் சொல்கிறேன். பிளம்பர் வேலை செய்யும்போது தரையில் டைல்ஸ் இருக்காது. கலவையும் டைல்ஸுமாகச் சேர்ந்து இரண்டு மூன்று இன்ச் ஏறும். அதைக் கூட்டாமல் அளந்தால் பாயின்ட் அத்தனை இன்ச் கீழே போய்விடும்.

ஆழமும் அப்படித்தான். பூச்சு, டைல்ஸ் ஒட்டும் பசை, டைல்ஸ் மூன்றும் சேர்ந்த பிறகு எல்போவின் வாய் டைல்ஸ் மட்டத்தோடு நிற்க வேண்டும். உள்ளே போய்விட்டால் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போட்டு வெளியே இழுப்பார்கள். அது தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு நிப்பிளும் கூடுதலாக ஒரு ஜாயின்ட், அதுவும் பாதி சுவருக்குள் மறைந்த ஜாயின்ட். ஒன்றுக்கு மேல் போடும் நிலை வந்தால், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே எல்போவை வெளியே நகர்த்தச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு பேசினில் சுடுதண்ணீர் வேண்டாம். பிறகு போட்டுக்கொள்ளலாமா?

லைனை இப்போதே போட்டு, வாயை அடைக்க டம்மி முறுக்கி வையுங்கள். பிறகு போடுவது என்றால் டைல்ஸை வெட்ட வேண்டும். அதே டைல்ஸ் அப்போது கடையில் கிடைக்காது.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் என்ன சோதனை செய்ய வேண்டும்?

இந்த ஒரு கேள்வியை எல்லோரும் கேட்டால் நன்றாக இருக்கும். கேட்பவர் குறைவு.

கடைசி ஜாயின்ட் ஒட்டி ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். எல்லா வாயிலும் டம்மி போட்டு, லைனில் தண்ணீர் நிரப்பி, காற்றை முழுவதும் வெளியேற்றி, டெஸ்டிங் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றுங்கள். வீட்டு லைனுக்கு 5, 6 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) ஏற்றி ஒரு மணி நேரமாவது நிறுத்தச் சொல்வேன். பம்ப்பில் அழுத்தம் காட்டும் முள் அசையக் கூடாது. இறங்கினால் ஜாயின்ட் ஜாயின்ட்டாக விரலால் தடவிப் பார்க்க வேண்டும். காற்றை அடைத்துச் சோதிப்பது வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் பைப் காற்றழுத்தத்தில் வெடித்தால் துண்டுகள் சிதறி ஆளைக் காயப்படுத்தும்.

டேங்கைத் திறந்துவிட்டு "ஒழுகல் இல்லை சார்" என்று சொல்வதைச் சோதனையாக எடுத்துக்கொள்ள முடியாது. மாடி டேங்கிலிருந்து தரைத்தளத்துக்கு வரும் அழுத்தம் பெரும்பாலான வீடுகளில் ஒரு கிலோவைக் கூடத் தொடாது. நாளைக்கு நீங்கள் பிரஷர் பம்ப் வைத்தால் அன்றைக்குத்தான் அந்த ஜாயின்ட் தன் குணத்தைக் காட்டும்.

அப்புறம் ஒரு போட்டோ. சுவர் மூடுவதற்கு முன்னால், டேப்பை விரித்துச் சுவரோடு பிடித்து, தரையிலிருந்தும் பக்கச் சுவரிலிருந்தும் பைப் எத்தனை இன்ச்சில் ஓடுகிறது என்று தெரிகிற மாதிரி எடுத்து வையுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், நான் பார்த்த ஒரு வீட்டில் கீசர் லைன் பேசினுக்கு நேர் மேலே இறங்கியிருந்தது. கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் முன்னால் கண்ணாடி மாட்ட வந்த பையன் டிரில் வைத்தான். முதல் ஓட்டை சரியாக இருந்தது. இரண்டாவது ஓட்டையில் டிரில் பிட் ஓரத்தில் ஈர மண் வந்தது, எடுத்ததும் தண்ணீர் பீய்ச்சியது. மூன்று டைல்ஸ் உடைத்து, புது கப்ளர் போட்டு, பொருந்தாத டைல்ஸை ஒட்டித்தான் விசேஷம் நடந்தது. அந்தப் பையன் மேல் எந்தத் தப்பும் இல்லை. சுவருக்குள் பைப் எங்கே ஓடுகிறது என்று அவனுக்குச் சொல்ல அந்த வீட்டில் யாரிடமும் ஒரு படம் இல்லை.

முடிந்தால் பேசினுக்கு மேலே, கண்ணாடி வரும் இடத்தில் லைனே போகாமல் பக்கவாட்டில் கொண்டு வாருங்கள்.

சுவரில் காடி வெட்டிப் பைப்பைப் புதைக்கும்போது ஆணி அடித்து இறுக்கலாமா?

சுடுதண்ணீர் லைனை இறுக்காதீர்கள். 10 அடி சிபிவிசி பைப் 30 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர் நீளும். அதற்கு இடம் வேண்டும். கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள், ஆணியின் தலை பைப்பை அழுத்தக் கூடாது.

ஆங்கிள் காக் கட்டாயம் வேண்டுமா? குழாயை நேராகவே இணைத்தால் என்ன?

வேண்டும். குழாய் வாஷர் தேய்ந்தால், அதற்குத் தண்ணீர் கொண்டுபோகும் கனெக்‌ஷன் டியூப் கசிந்தால், நடுராத்திரியில் நீங்களே பேசினுக்கு அடியில் கைவிட்டு மூடிவிடலாம். அது இல்லையென்றால் மாடி ஏறி டேங்க் வால்வைத் தேட வேண்டும்.

ஆனால் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். உப்புத் தண்ணீரில் ஐந்து வருடம் அசையாமல் கிடந்த ஆங்கிள் காக், தேவைப்படும் நாளில் திரும்பாது. பலம் கொடுத்தால் கைப்பிடி மட்டும் கையோடு வரும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முழுக்க மூடி முழுக்கத் திறந்துவிடுங்கள். தண்ணீர் ரொம்ப உப்பு என்றால் பிடிஎம்டி எனப்படும் பிளாஸ்டிக் ரகம் மோசமில்லை, அது அரிக்காது. பார்வைக்குத்தான் கொஞ்சம் சாதாரணமாக இருக்கும்.

டெஃப்ளான் டேப் எத்தனை சுற்று? எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

ஆங்கிள் காக்கை இடது கையில், திரெட்டின் வாய் உங்கள் முகத்தைப் பார்க்கிற மாதிரி பிடியுங்கள். கடிகார முள் போகும் திசையில் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். முதல் புரியை விட்டுவிட்டு இரண்டாவது புரியிலிருந்து தொடங்கினால் டேப் துணுக்கு லைனுக்குள் போகாது. நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய டேப் என்றால் 8 முதல் 10 சுற்று. டேப்புக்குள் திரெட்டின் பள்ளம் மேடு தெரிகிற அளவுக்கு இறுக்கம் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் முறுக்கும்போதே டேப் சுருண்டு வெளியே வரும், அப்போதே தெரிந்துவிடும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. முறுக்கும்போது ஆங்கிள் காக்கின் வாய் நேராக நிற்கும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டால், "கொஞ்சம் பின்னால் திருப்பு" என்று திருப்பக் கூடாது. டேப் ஒரு முறை அமுங்கிய பிறகு பின்னால் வந்தால் இடைவெளி விழும். முழுக்கக் கழற்றி, பழைய டேப்பை உரித்து, புதிதாகச் சுற்றுங்கள்.

கனெக்‌ஷன் டியூப்பின் நட்டுக்கு டேப் வேண்டாம். அங்கே தண்ணீரை நிறுத்துவது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். கையால் முடிந்தவரை இறுக்கி, ஸ்பேனரால் கால் திருப்பு. அதற்கு மேல் போனால் வாஷர் நசுங்கும்.

கனெக்‌ஷன் டியூப் எதை வாங்குவது? ஏன் திடீரென்று வெடிக்கிறது?

டியூப்பில் உள்ளே ரப்பர் குழாய், அதைச் சுற்றிக் கம்பி வலை, இரண்டு முனையிலும் நட்டு. கம்பி எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத ஸ்டீல் ரகம்), நட்டு பித்தளை, இதைக் கேட்டு வாங்குங்கள். மலிவு ரகத்தில் கம்பி அலுமினியமாக இருக்கும், நட்டு கையில் தூக்கினாலே லேசாக இருக்கும். 18 இன்ச் நீளம் பெரும்பாலான பேசினுக்குச் சரியாக வரும். விறைப்பாக இழுத்துக்கொண்டும் நிற்கக் கூடாது, மடங்கியும் இருக்கக் கூடாது.

வெடிப்பதற்கு அழுத்தத்தைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். நான் கழற்றிப் பார்த்த டியூப்களில் பாதிக்கு மேல் காரணம் பாத்ரூம் கழுவும் ஆசிட். ஆசிட் நேராகப் படக் கூட வேண்டாம். தரையில் ஊற்றினால் கிளம்பும் புகையே போதும். கதவைச் சாத்திய சின்ன பாத்ரூமில் அந்தப் புகை பேசினுக்கு அடியில் தங்கி, பளபளப்பான கம்பியில் முதலில் பழுப்புப் புள்ளிகள் வரும். பிறகு ஒரு கம்பி அறுந்து முள் மாதிரி வெளியே நீட்டும். விரலால் தடவினால் குத்தும். அந்த நிலையில் பார்த்துவிட்டால் மாற்றிவிடலாம். கம்பி வலை இல்லாத இடத்தில் ரப்பர் பலூன் மாதிரிப் புடைத்து, வீட்டில் யாரும் இல்லாத நாளில் வெடிக்கும். ஆசிட் ஊற்றியே ஆக வேண்டும் என்றால் ஜன்னலைத் திறந்து வைத்து, வேலை முடிந்ததும் டியூப்பையும் ஆங்கிள் காக்கையும் நல்ல தண்ணீரால் கழுவி விடுங்கள். ஐந்து வருடம் ஆன டியூப்பை நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

ஊருக்குப் போகும்போது ஆங்கிள் காக்கை மூடிவிட்டுப் போவது நல்ல பழக்கம்.

புதுக் குழாய் மாட்டிய மறுநாளே தண்ணீர் குறைந்துவிட்டது. குழாய் சரியில்லையா?

பெரும்பாலும் குழாய் நன்றாகத்தான் இருக்கும். லைனில் தங்கிய மணலும் பைப் வெட்டிய தூளும் குழாயின் வாயில் இருக்கும் ஏரேட்டர் வலையில் வந்து சேர்ந்திருக்கும். ஏரேட்டரைக் கழற்றித் தட்டிக் கழுவினால் சரியாகிவிடும். முதலிலேயே, டியூப் மாட்டுவதற்கு முன் ஆங்கிள் காக் வாயில் பக்கெட்டைப் பிடித்து, இரண்டு மூன்று பக்கெட் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் இந்த வேலையே வந்திருக்காது. மிக்சருக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் செராமிக் கார்ட்ரிட்ஜில் ஒரு மணல் துகள் கீறினாலும் அது சொட்டத் தொடங்கும்.

பழைய குழாயில் தண்ணீர் குறைந்தால், டியூப்பைக் கழற்றி பக்கெட்டில் விட்டு ஆங்கிள் காக்கைத் திறந்து பாருங்கள். வேகமாக வந்தால் கோளாறு குழாயில். அங்கேயும் மெதுவாக வந்தால் கோளாறு ஆங்கிள் காக்கிலோ லைனிலோ. ஏரேட்டரில் வெள்ளை உப்பு படிந்திருந்தால் வினிகரில் சில மணி நேரம் ஊற வைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள்.

டேங்க் காலியாகி நிரம்பிய பிறகு ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் வருவதில்லையே?

காற்று அடைத்திருக்கிறது. மாடியில் பைப் எங்கோ மேடேறி இறங்குகிறது, அந்த மேட்டில் காற்று தங்கிவிட்டது. வேகமாக வரும் வேறொரு குழாயிலிருந்து ஹோஸ் வைத்து, வராத குழாய்க்குள் தண்ணீரைப் பின்பக்கமாகச் செலுத்தினால் காற்று டேங்க் வழியாக வெளியேறும். நிரந்தரத் தீர்வு, டேங்கிலிருந்து லைன் புறப்படும் இடத்தில் ஒரு காற்றுப் பைப்பை நிமிர்த்தி, டேங்கின் உயரத்துக்கு மேலே கொண்டுபோய் விடுவது.

ஒரே தளம் கொண்ட வீடு. சிங்கிள் லீவர் மிக்சர் வைக்கலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் ஏறக்குறைய ஒரு பார் (கிட்டத்தட்ட ஒரு கிலோ) அழுத்தம். ஒரே தளம் என்றால் கூரை 10 அடி, டேங்க் ஸ்டாண்ட் 3 அடி, பேசின் குழாய் தரையிலிருந்து 3 அடி. மிச்சம் 10 அடி, அதாவது 3 மீட்டர், 0.3 பார். பல மிக்சர்கள் சரியாக வேலை செய்ய 0.5 பாராவது கேட்கும். பெட்டியில் எழுதியிருப்பார்கள், வாங்குவதற்கு முன் படியுங்கள். இந்த வீட்டுக்குச் சாதாரண பில்லர் காக் (பேசின் மேல் நிற்கும் தனிக் குழாய்) இரண்டு, அல்லது குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த குழாய், இதுதான் என் யோசனை. ஒரு குழாய்க்காக மட்டும் பிரஷர் பம்ப் வாங்க வேண்டாம்.

மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர் இரண்டும் இருக்கிறது. பேசினுக்கு எது?

இரண்டு டேங்க் இருந்தால் பேசினுக்கு நல்ல தண்ணீரைக் கொடுங்கள். வாய் கொப்பளிக்கும் இடம் அது. போர் தண்ணீர் கிளாசெட்டுக்குப் போகட்டும். இரண்டு லைனையும் ஒரு டீ போட்டு, ஆளுக்கொரு வால்வு வைத்து "தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று சிலர் கேட்கிறார்கள். நான் செய்து கொடுப்பதில்லை. யாராவது ஒரு நாள் இரண்டு வால்வையும் திறந்து வைப்பார்கள், அப்போது உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீர் லைனுக்குள் போய்விடும்.

பழைய ஜிஐ லைனிலிருந்து புது பேசினுக்கு சிபிவிசி எடுக்கலாமா?

எடுக்கலாம். இடையில் பித்தளை திரெட் அடாப்டர் வேண்டும். பழைய ஜிஐ ஃபிட்டிங்கைக் கழற்றும்போது இரண்டு ரெஞ்ச் கட்டாயம். ஒன்று திருப்ப, இன்னொன்று சுவருக்குள் போகும் பைப்பை அசையாமல் பிடிக்க. ஒரே ரெஞ்சில் திருப்பினால், நீங்கள் பார்க்கும் ஜாயின்ட் கழலும், பார்க்காத ஜாயின்ட் சுவருக்குள் உடையும்.

சுவருக்குள் கசிகிறதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு எல்லா ஆங்கிள் காக்குகளையும் மூடுங்கள், கிளாசெட் டேங்குடையதையும் சேர்த்து. ஆங்கிள் காக் இல்லாத குழாய்கள் ஒன்றும் சொட்டக் கூடாது. மாடி டேங்கில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவிட்டு, மோட்டார் போடாமல் விடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் ஆங்கிள் காக்குக்கு முன்னால், அதாவது சுவருக்குள் எங்கோ போகிறது. மட்டம் அப்படியே இருந்து, சுவர் மட்டும் ஈரமாக இருந்தால் கழிவு லைனைச் சந்தேகப்படுங்கள்.

பேசினுக்கு அடியில் என்றால் இன்னும் எளிது. தரையைத் துடைத்துவிட்டு ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் ஈரப் புள்ளி எங்கே விழுந்திருக்கிறதோ, அதற்கு நேர் மேலே பாருங்கள். டியூப்பின் மேல் நட்டில் கசிந்து கம்பி வழியே இறங்கிக் கீழே சொட்டுவதும் உண்டு, அதனால் உலர்ந்த டிஷ்யூ பேப்பரை நட்டு நட்டாகச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். பேப்பர் முதலில் நனையும் நட்டுதான் கசிகிறது.